சந்தைக்குள் ஒரு நடைவண்டி

திருமூர்த்தி சைக்கிள் ஓட்டி யாரும் பார்த்து வெகு நாளாகிவிட்டது. தள்ளிக்கொண்டு போவதைத்தான் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்தால் மாட்டுச் சந்தையின் வாசலில் அந்தப் பழைய சைக்கிள் முதலில் நுழையும். அதன் கைப்பிடியில் சாய்ந்தபடி பின்னாலேயே அவர் நுழைவார். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரை ஒவ்வொரு மாடாகத் தாண்டி அதைத் தள்ளிக்கொண்டே போவார். "அதென்னுங்க, சைக்கிளுக்கு நீங்க தொணையா, உங்களுக்கு அது தொணைங்களா?" என்று எவராவது கேட்டால், "செயினு நிக்கறதில்லீங்க, கடைக்கு உடோணும்" என்பார். ஒரு வருடமாக அந்தச் செயின் நிற்கவில்லை.

அவர் மாட்டுத் தரகர். கருமத்தம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கறவை மாடு வாங்குகிறவர்கள் அவரைத்தான் கூட்டிக்கொண்டு சந்தைக்கு வருவார்கள். தரகு வேலைக்கு வாய் முக்கியம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் அது கால் வேலை. வாங்க வந்தவர் எந்த மாட்டின் முன்னாலும் வெகுநேரம் நிற்பதில்லை. ஒன்றைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அடுத்ததற்கு நகர்வார். கூடவே நகர்கிறவர்தான் அவருடைய தரகர். ஒரு மாட்டளவு பின்தங்கினால் போதும், அடுத்த மாட்டருகே வேறொரு தரகர் பல்லைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். உட்கார்ந்திருக்கிற தரகரிடம் யாரும் வருவதில்லை. அவருக்கு வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

வெறுங்கையோடு நிமிர்ந்து நடந்தால், வாசலிலிருந்து சந்தைக்குள் இருக்கும் வேப்பமரத்தை எட்டுவதற்குள் திருமூர்த்தியின் இரண்டு கால்களும் கனத்துவிடும். தொடையின் பின்பக்கம் கயிறு முறுக்குவது போல் இழுக்கும், பிறகு பாதம் மரத்துப்போகும். குந்தி உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் தானாக விட்டுவிடும். சைக்கிளில் சாய்ந்து நடந்தால் வருவதே இல்லை. ஏன் என்று அவருக்குத் தெரியாது. மறைக்க மட்டும் தெரியும். நொண்டி மாட்டை விற்க வருகிறவன் அதன் முன்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்துவான். நடத்திக் காட்டச் சொன்னால் மெத்தென்ற மண்ணாகப் பார்த்து ஓட்டுவான். இந்த வித்தையையெல்லாம் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவருக்கு, தன் காலை மறைக்கவா தெரியாது?

தொண்ணூற்றாறாம் வருடம் ஆடி மாதம் ஒரு கன்றுக்குட்டி யாருடைய சைக்கிள் சக்கரத்திலோ காலை விட்டுக் காயப்பட்டது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அடுத்த வாரமே வாசலில் ஆளைப் போட்டுவிட்டார். சைக்கிள் உள்ளே போகக்கூடாது.

அன்றைக்குப் பார்த்து பாவாத்தாள் வந்திருந்தாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள், தொழுவத்துக்கு அடுத்தடுத்த வாரங்களில் மூன்று கறவை பிடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். நடையில் அவளை யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. திருமூர்த்தி முதல் மாட்டருகே சமாளித்தார். இரண்டாவதில் கால் கனத்தது, குளம்பைப் பார்ப்பவர் போலக் குந்தினார். மூன்றாவதிலும் குந்தினார். நான்காவதிலும்.

"ஏனுங்ண்ணா, எல்லா மாட்டுக்கும் கொளம்பாவே பாக்கறீங்க. மடி எப்பங்க பாப்பீங்க?"

"கொளம்பு நல்லாருந்தாத்தானுங் அம்மணி மாடு நிக்கும்."

"மாடு நிக்குதுங்க. நீங்கதான் நிக்கறதக் காணோம்."

அவர் எழுந்து பார்த்தபோது அவள் ஐந்தாறு மாடு தள்ளிப் போயிருந்தாள். பக்கத்தில் மாரப்பன், அவரைவிடப் பத்து வயது இளைய தரகர், ஒரு செவலைப் பசுவின் வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் மாடு மாரப்பன் கையால் விலை முடிந்தது.

அந்த வாரமே மனைவி மயிலாத்தாள் அவரைப் பீளமேட்டில் ஒரு எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, "சைக்கிள் தள்ளுனா வலிக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். திருமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் சொல்லாத விஷயம்.

அதில் மந்திரம் ஒன்றுமில்லை. முதுகெலும்பு என்பது ஒரே கம்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு வளையம் இருக்கிறது. வளையங்கள் வரிசையாகச் சேர்ந்தால் ஒரு குழாய். காலுக்குப் போகும் நரம்பெல்லாம் அந்தக் குழாய்க்குள்தான் இறங்குகிறது. வயதாக ஆகக் குழாயின் சுவர் தடிக்கும், உள்ளே இடம் குறையும். நிமிர்ந்து நின்றால் வளையங்கள் பின்பக்கம் நெருங்கி, இருக்கிற இடமும் இறுகும், நரம்பு நசுங்கும். முன்னால் குனிந்தால் வளையங்கள் விலகும், இடம் கிடைக்கும். குந்தும்போதும் சைக்கிளில் சாயும்போதும் அவர் செய்ததெல்லாம் இதுதான். தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்.

"ஆப்பரேசன் பொறவு பாத்துக்கலாங்க. இப்போதைக்கு நாலு சக்கரம் வெச்ச வாக்கர் ஒண்ணு வாங்குங்க. நடுவுல உக்கார்ற சீட்டு இருக்கோணும். சாஞ்சு தள்ளிட்டுப் போங்க, காலு கனத்தா அதுமேலயே உக்காருங்க, விட்டதும் நடங்க" என்றார் டாக்டர்.

உட்காருவது என்ற சொல்லே திருமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வீட்டுப் படி இறங்கிய கையோடு, உக்கடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள்.

உக்கடத்தில் அப்துல் கையூமின் கடையில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் கிடைக்கும். கட்டில், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் கூரைவரை அடுக்கியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து உபயோகித்துவிட்டு விற்கிற சாமான்களும் அவரிடம் வந்து சேரும்.

"வாங்க கவுண்டரே. யாருக்குங்க வாக்கரு?"

இங்கேதான் திருமூர்த்தியின் தொழில் குறுக்கே வந்தது. வாங்குகிறவனின் தேவையை விற்கிறவனிடம் சொல்லவே கூடாது. உழவுக்கா, கறவைக்கா, வண்டிக்கா என்று விற்கிறவன் கேட்டால், "சும்மா பாக்கறோமுங்க" என்பதுதான் பதில். தேவை தெரிந்தால் விலை ஏறும், நோஞ்சானைத் தலையில் கட்டுவார்கள். முப்பது வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

"மச்சானுக்குங்க."

"அவருக்கு என்ன கஷ்டமுங்க?"

"வயசுதானுங்க பாய்."

"நடமாட்டமெல்லாம் எங்கீங்க, ஊட்டுக்குள்ளயா, வெளியவா?"

"ஊட்டுக்குள்ளதான். டைல்ஸ் போட்ட ஊடுங்க."

மயிலாத்தாள் அவர் காதருகே வந்தாள். "கூடப் பொறந்தவன் எனக்கு ஒருத்தனுமில்லீங்களே. எந்த மச்சானுங்க அது?"

"சும்மாரு புள்ள."

கையூம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலாவது சக்கரமில்லாத சட்டம். நான்கு கால், குறுக்கே கம்பி. தூக்கி முன்னால் வைக்கவேண்டும், அதற்குள் நடக்கவேண்டும், மறுபடி தூக்கவேண்டும். தூக்குகிற ஒவ்வொரு முறையும் முதுகு நிமிரும். இரண்டாவதற்கு முன்னால் மட்டும் இரண்டு சக்கரம். பின்கால் தரையில் இழுபடும். உட்கார இடமில்லை.

மூன்றாவது வெள்ளி மாதிரி மின்னியது. நான்கு சின்னச் சக்கரங்கள், நடுவில் கறுப்புச் சீட்டு, மடக்கினால் குடைபோல் ஒடுங்கியது. முன்சக்கரம் இரண்டும் எந்தப் பக்கமும் திரும்பும். அச்சு, சக்கரம் தொங்குகிற தண்டுக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுப் பின்தள்ளி இருக்கும். அதனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானே சுழன்று, தாயின் பின்னால் கன்று வருவது போல, தண்டின் பின்னால் வந்துவிடும். கைப்பிடியின் கீழே சைக்கிளில் இருப்பது போலவே பிரேக். மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். கீழே அழுத்திவிட்டால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் நகராது.

"உக்காரும்போது ரண்டு பக்கமும் பூட்டோணுங்க. பூட்டிட்டு, திரும்பி, சீட்டு காலுல தொடற வரைக்கும் பின்னால வந்து, அப்பறம் உக்காரோணும். இல்லீன்னா நீங்க ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்" என்று கையூம் உட்கார்ந்தே காட்டினார்.

திருமூர்த்தி அதைக் கடைக்கு வெளியே சந்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார். கையூம் தள்ளினார். இவர் பின்னால் தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, சக்கரத்தின் நடையைப் பார்த்தார். ஆட்டமில்லை, சத்தமில்லை, கால் பூப்போல விழுகிறது. மாடாக இருந்தால் அந்த இடத்திலேயே விலை பேசத் துண்டை விரித்திருப்பார்.

கடையின் மூலையில் இன்னொன்றும் நின்றது. பழுப்பு நிறம், பெயிண்டு உரிந்து, பெரிய பெரிய சக்கரம், தூக்கினால் கனம். அதன் சீட்டின்மேல் கையூம் பஞ்சு மூட்டையை வைத்திருந்தார். "அது வெளிவாசல்ல நடக்கறவங்களுக்குங்க. உங்க மச்சானுக்கு எதுக்கு அது?" என்று தாண்டிப் போய்விட்டார். திருமூர்த்திக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

கைப்பிடியை ஏற்றி இறக்கக் குழாயில் துளைகள் இருந்தன. கையூம் நடுத் துளையில் வைத்தார். திருமூர்த்தி அதைக் கடைசித் துளைக்கு ஏற்றினார். "மச்சான் நிமுந்து நடக்கறவருங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின நாள் தூறலில் சந்தை மண் சாணியோடு குழைந்து கிடந்தது. வாசல் ஆள் வாக்கரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது சைக்கிள் இல்லீங்களே" என்று விட்டுவிட்டான்.

சின்னச் சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கல் சொல்லிவிடும். சக்கரம் கல்லில் ஏறவேண்டுமானால் அதன் நடு அச்சு கல்லைவிட நன்றாக உயரத்தில் இருக்கவேண்டும். அச்சும் கல்லும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்றால், தள்ளுகிற பலமெல்லாம் கல்லில்தான் முட்டும். சக்கரம் ஏறாது, தள்ளுகிறவர்தான் முன்னால் கவிழ்வார். சேற்றிலும் இதே கதை. பெரிய சக்கரம் அகலமான இடத்தில் பாரத்தைப் பரப்பும், சின்னது ஒரே இடத்தில் ஊன்றிப் புதையும்.

டைல்ஸ் வீட்டுக்குப் பிறந்த அந்த வண்டி முதல் வரிசையிலேயே புதைந்தது. முன்சக்கரத்தின் கவைக்குள் வைக்கோலும் சாணியும் அடைத்துக்கொண்டு, திரும்புவதையே நிறுத்திவிட்டது. திருமூர்த்தி தூக்கினார், வைத்தார், தூக்கினார். கைப்பிடி உயரமாக இருந்ததால் மார்பை விரித்து நிமிர்ந்து நடக்க வேண்டியிருந்தது. வேப்பமரம் வருவதற்கு முன்பே கால்கள் கனத்தன. பாவாத்தாள் இரண்டாவது வரிசைக்குத் திரும்பியதைப் பார்த்தார். கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை. திரும்பி, சீட்டில் உட்கார்ந்தார். பிரேக்கைப் பூட்டக்கூடத் தேவைப்படவில்லை. சேறே பூட்டியிருந்தது.

மாரப்பன் அந்த வழியாக வந்தார். "ஏனுங் மச்சா, நடைவண்டி வாங்கியாச்சுங்களா? பேரன் பழகுறதா, நீங்க பழகுறதுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருமூர்த்தியும் சிரித்தார். கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது, எழு எழு என்று.

இரண்டாவது மாடும் மாரப்பன் கையால் முடிந்தது. போகும்போது பாவாத்தாள் அவரருகே நின்றாள். "ண்ணா, அப்பன் காலத்துலருந்து நீங்கதான் எங்க தொழுவத்துக்கு மாடு புடிச்சுத் தந்தீங்க. அதனாலதான் சொல்றேன். ஒடம்புக்கு முடியலீன்னா சொல்லிப்போடுங்க. அடுத்த வாரம் கடைசி மாடு. நான் யாரு பின்னால நடக்கறதுன்னு எனக்குத் தெரியோணுமில்லீங்களா?"

"அடுத்த வாரம் வாரேனுங் அம்மணி" என்றார் அவர். 

மறுநாள் முழுக்க அவர் வீட்டு வாசலில் வாக்கரைத் தள்ளினார். தள்ளினார், உட்கார்ந்தார், எழுந்தார், சக்கரத்துச் சாணியைக் குச்சியால் நோண்டினார், மறுபடி தள்ளினார். பிறகு அதை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்து அதே வாசலில் தள்ளினார். வலி வரவில்லை. அதை நிறுத்திவிட்டு வாக்கரை எடுத்தார். வந்தது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மயிலாத்தாள் ராகி களைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, சைக்கிளத் தள்ளறப்ப கூனிட்டுப் போறீங்க. இதுல மட்டும் கண்ணாலத்து மாப்பிள்ளையாட்டம் நெஞ்ச நிமுத்திட்டுப் போறீங்க. அப்பறம் எப்படீங்க ரண்டும் ஒண்ணாகும்?"

அவர் அப்படியே நின்றார். டாக்டர் சொன்ன வளையமும் குழாயும் அப்போதுதான் முதுகுக்குள் போய்ச் சேர்ந்தன. சாய்வதற்காக வாங்கிய வண்டியில் சாய முடியாதபடி அவரே கைப்பிடியை ஏற்றி வைத்திருக்கிறார். கூன் விழுந்த தரகரை எவன் மதிப்பான் என்று பயந்து.

சாதாரணமாக வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வருகிற உயரத்தில் இருக்கவேண்டும். இந்த மாதிரி முதுகுக்கு எவ்வளவு சாய்வு என்பது ஆளுக்கு ஆள் மாறும். திருமூர்த்திக்கு அதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியிருக்கவில்லை. ஒரு வருடமாகச் சந்தைக்குள் தள்ளிய சைக்கிள் சுவரோரம் நின்றது. அவர் ஒரு காய்ந்த சோளத்தட்டை எடுத்துத் தரையிலிருந்து சைக்கிளின் கைப்பிடி வரை வைத்து, அந்த இடத்தில் ஒடித்தார்.

உக்கடத்துக் கடையில் அந்தச் சோளத்தட்டையும் மின்னுகிற வாக்கரையும் திருமூர்த்தி மேசையருகே வைத்தார். ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றார். விற்கிறவனிடம் தன் தேவையைச் சொல்வது அவருக்கு நடுத்தெருவில் சட்டையைக் கழற்றுவது போலிருந்தது.

"என்னுங்க கவுண்டரே, மச்சானுக்குப் புடிக்கலீங்களா?"

"மச்சானெல்லாம் இல்லீங்க பாய். எனக்குத்தான். நான் மாட்டுத் தரகருங்க. சந்தைக்குள்ள நடக்கோணும். சேறு, சாணி, கல்லு, எல்லாம் இருக்குது. நிமுந்தா காலு மரத்துப்போகுது. சாஞ்சா நடக்கறேன். நடுவுல சித்த உக்காரோணும். உக்காந்தா வேலை போயிருமோன்னு பயமா இருக்குது."

கையூம் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மூலைக்குப் போய்ப் பஞ்சு மூட்டையை இறக்கி வைத்தார். "இதையே அன்னிக்குச் சொல்லியிருந்தா நானும் அந்த மூட்டையத் தூக்கியிருப்பேனே. டைல்ஸ் போட்ட ஊடுன்னீங்க, எந்தூரு டைல்ஸோன்னு நெனச்சேன்."

"எந்தூரு மச்சான்னு நான் அன்னிக்கே கேட்டனுங்க" என்றாள் மயிலாத்தாள்.

பழுப்பு வண்டியை வெளியே எடுத்தார்கள். இந்தத் தடவை திருமூர்த்தி பின்னால் நின்று நடை பார்க்கவில்லை. தானே தள்ளினார், முழுப் பாரத்தையும் போட்டு. சந்தில் ஜல்லி கொட்டியிருந்த இடமாகப் பார்த்து ஏற்றினார். ஏறியது. கைப்பிடியைச் சோளத்தட்டின் உயரத்துக்கு இறக்கினார்கள். ஒரு பக்கத்துப் பிரேக் கம்பி நைந்திருந்தது. எதிரே சைக்கிள் கடையில் புதுக் கம்பி போட்டார்கள், சைக்கிள் கம்பிதான், அப்படியே பொருந்தியது. சரிவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பூட்டி, உட்கார்ந்து பார்த்தார். நகரவில்லை. கால் கனம் விடுகிறவரை உட்கார்ந்தே இருந்தார். அந்த நேரம் அவருக்கு வேதனையாகத்தான் இருந்தது, வலியால் அல்ல.

அடுத்த செவ்வாயும் சந்தை காயவில்லை. அவர் கூனிக்கொண்டே நுழைந்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை. சக்கரம் சேற்றைப் பிதுக்கிக்கொண்டு உருண்டது. ஒரு பசு கழுத்தை நீட்டி, கைப்பிடியில் ஊறியிருந்த வியர்வை உப்பை நக்கிப் பார்த்தது.

பாவாத்தாள் வண்டியைப் பார்த்தாள், அவர் முதுகைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் நடக்கத் தொடங்கினாள். வேப்பமரத்தைத் தாண்டினார்கள். இரண்டாவது வரிசையின் நடுவில் கால் லேசாகக் கனத்தது. பழைய திருமூர்த்தியாக இருந்தால் குளம்பு பார்த்திருப்பார்.

"அம்மணி, நான் சித்த உக்காரோணுங்க. நீங்க முன்னால போங்க, வந்தர்றேன்."

"மேற்க ஒரு கருப்பு மாடு நிக்குதுங்க. அதுக்குத்தான் போறேன்."

"போங்க. மடியப் பாத்து வைங்க. வெல பேசாதீங்க."

அவள் போனாள். அவர் பூட்டினார், திரும்பினார், உட்கார்ந்தார். சந்தை அவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருடைய கால்களும் அவர் கண்ணெதிரில் போயின. அவற்றில் மாரப்பனின் கால்களும் மேற்கே போயின, வேகமாக. எழுந்துவிடலாமா என்று துடித்தது. எழுந்தால் பத்து மாடு தாண்டுவதற்குள் மறுபடி உட்காரவேண்டி வரும், அது நிச்சயம். பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தார். குழாய்க்குள் நரம்பு ஒவ்வொன்றாக மூச்சு விடுவதை உணர முடிந்தது. பாதத்துக்கு உணர்வு திரும்பியதும் பூட்டை விடுவித்துக் கிளம்பினார்.

மேற்குக் கோடியில் கருப்பு மாட்டைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. மாட்டுக்காரர் துண்டை விரித்துக் கையை அதனுள் விட்டிருந்தார், விரல் பிடித்து விலை சொல்ல. மாரப்பன் தன் கையைத் துண்டுக்குள் நீட்டப்போனார். திருமூர்த்தி இன்னும் நாலைந்து மாடு பின்னால் இருந்தார். அங்கிருந்தே பாவாத்தாளின் குரல் கேட்டது.

"மாரப்பண்ணா, கைய எடுங்க. எங்க தரகரு வாராரு."

"அவரு வர்றதுக்குள்ள மாடு கன்னு போட்டுருமுங் அம்மணி."

"போட்டா எனக்கு ஒரு கன்னு லாபம். சித்த இருங்க."

திருமூர்த்தி வேகம் கூட்டவில்லை. அந்த வண்டியில் வேகம் கூட்டினால் அது முன்னால் ஓடும், ஆள் பின்னால் நிற்பார். அதே நடையில் வந்து சேர்ந்தார். மாட்டின் பல்லைப் பார்த்தார், மடியை அழுத்தினார், நடத்திக் காட்டச் சொன்னார், மண் மெத்தென்று இல்லாத பக்கமாக. பிறகு வாக்கரை ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பூட்டி, துண்டுக்குள் கையை விட்டார். மாட்டுக்காரர் ஒரு விரலை மடக்கினார். இவர் இன்னொன்றை மடக்கினார். முகத்தில் எதுவும் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் மாட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். முடிந்தது.

திரும்பிப் பார்த்தால் வாக்கரின் சீட்டில் மாரப்பன் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார்.

"சீட்டு சும்மா சொல்லக்கூடாதுங் மச்சா. காத்தால இருந்து நின்னு நின்னு காலு கடுக்குது. இது இன்னொண்ணு கெடைக்குமுங்களா?"

"பொறவு சொல்றேன். எந்திரி."

"சித்த இருங்க, இப்பத்தான் உக்காந்தேன்."

பாவாத்தாள் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே அடுத்த வரிசையில் நின்ற ஒரு கிடாரியை எட்டிப் பார்த்தாள். வாங்க வந்தது மூன்றுதான். ஆனாலும் கால்கள் அந்தப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டன.

திருமூர்த்தி குனிந்து, மாரப்பனின் இரு பக்கமும் கைப்பிடிக்குக் கையை நீட்டி, பிரேக்கை ஒவ்வொரு பக்கமாக விடுவித்தார்.

"எந்திரி மாரப்பா. அம்மணி போயாச்சு."